டிபன் பாக்ஸ் சொல்லும் சேதி: பதின்வயதுப் பிள்ளையின் உணவுக் கோளாற்றைக் கண்டறிந்து அணுகும் முறை

சாப்பிடும் முறையையே குலைத்துவிடும் மனநோயான உணவுக் கோளாறு என்றதும் எலும்பும் தோலுமான பெண்பிள்ளைதான் பலருடைய நினைவுக்கு வருகிறாள். ஆனால் கட்டுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா உள்ளவர்களின் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆண்பிள்ளைகளுக்கும் இக்கோளாறுகள் வருவதுண்டு. ஆகவே எடைக்கருவியை நம்பியிராமல் சாப்பாட்டு நேரத்து நடத்தையைக் கவனியுங்கள். டிபன் பாக்ஸ் நாள்தோறும் பாதிக்கு மேல் மிஞ்சி வருவது, ஒரு தோசையை நுணுக்கிப் பிய்த்துத் தட்டில் அரைமணி நேரம் நகர்த்திக்கொண்டிருப்பது, உண்ட கையோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது, அதுவரை இல்லாத விரதங்கள் திடீரென முளைப்பது, மாதவிடாய் நின்றுபோவது ஆகியவற்றுள் சில சேர்ந்து தென்பட்டால் காத்திருக்க வேண்டாம்.

பிரிட்டனில் 1999இல் வெளியான ஸ்காஃப் என்ற ஐந்து வினாக்கள் இங்கு உதவும். வயிறு நிறைந்துவிட்டதென்று வலிந்து வாந்தியெடுக்கிறாயா, எவ்வளவு உண்கிறோம் என்பது கைமீறிப் போய்விட்டதாகக் கவலைப்படுகிறாயா, மூன்று மாதத்திற்குள் ஏறத்தாழ 6 கிலோவுக்கு மேல் குறைந்தாயா, பிறர் ஒல்லி என்றாலும் குண்டாக இருப்பதாக நம்புகிறாயா, உணவைப் பற்றிய எண்ணமே வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அதை வைத்து நீங்களே நோய்க்குப் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

பேச்சைச் சாப்பாட்டு வேளையில் தொடங்காதீர்கள். “இளைத்துவிட்டாயே” என்பதை அப்பிள்ளை பாராட்டாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். “நாலு நாளாக எங்களோடு சாப்பிட உட்காரவில்லையே, எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் “பூசினாற்போல் ஆகிவிட்டாயே” என்று சிரிக்கும் அத்தையையும் தனியே அழைத்துச் சொல்லிவையுங்கள். வீட்டில் கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் போக வேண்டியது பொது மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோதான். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் பொட்டாசியம், தேவையானால் ஈ.சி.ஜி. ஆகியவற்றை அவர் பார்ப்பார். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடம்புரளும். மயக்கமோ படபடப்போ இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பாசத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சட்டெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அளவை மருத்துவரே கூட்ட வேண்டும். பிறகு மனநல மருத்துவர். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பதின்வயதினருக்குப் பரிந்துரைக்கப்படும் குடும்பம்சார் சிகிச்சையில், என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்ற பொறுப்பைத் தொடக்கத்தில் பெற்றோரே ஏற்று, ஒவ்வொரு வேளையும் கூடவே அமர்ந்திருந்து, பிள்ளை தேறத் தேற அதைச் சிறிது சிறிதாக அவளிடமோ அவனிடமோ திருப்பிக் கொடுப்பார்கள்.