ஆறுமணிக்குருவி எட்டரைக்குக் கூவிய கதை: தூரத்து நண்பர்களோடு பறவைப் பதிவுகளைப் பகிர்வது எப்படி?

நாங்கள் நான்கு பேர். ஒரு காலத்தில் சிங்காநல்லூர் குளக்கரையில் ஒரே பைனாகுலரைக் கைமாற்றிப் பார்த்தவர்கள். இப்போது நான் மட்டும் கோவையில். ஒருவன் திண்டுக்கல், இன்னொருவன் டொராண்டோ, தோழி சிங்கப்பூர். வாட்ஸ்அப் குழு இருந்தது, பேச்சும் குறையவில்லை. ஆனால் "போன வருஷம் கூழைக்கடா எந்த மாதம் வந்தது?" என்று தேடினால், பிறந்தநாள் வாழ்த்துக்கும் குட்மார்னிங் ரோஜாவுக்கும் நடுவில் அது எங்கேயோ புதைந்து கிடக்கும். அதற்காக நான் செய்த ஏற்பாடுதான் இது.

1. பேச்சு வேறு, பதிவு வேறு

பேச்சுக்கு வாட்ஸ்அப். பறவைகளைப் பதிய ஈபேர்ட். பாம்பு, பட்டாம்பூச்சி, நீர்நாய் என்று மற்ற எல்லாவற்றுக்கும், தனியாக எடுத்த பறவைப் படத்துக்கும் ஐநேச்சுரலிஸ்ட். இரண்டும் இலவசச் செயலிகள்.

"குழுவில் இயற்கை மட்டும்தான், வீட்டுச் செய்தி கூடாது" என்று சட்டம் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். இரண்டே வாரத்தில் குழு படுத்துவிட்டது. "மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் புள்ளி ஆந்தை ஜோடி" என்று வந்தால்தான் நான்கு பேரும் பதில் போடுகிறோம்.

2. ஈபேர்டில் பட்டியல்

செயலியை இறக்கி, கணக்குத் திறந்து, பட்டியலைத் தொடங்குங்கள். நேரம், நடந்த தூரம் எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்ளும். முடிக்கும்போது, இது முழுமையான பட்டியலா என்று கேட்கும். புதியவர்கள் பயந்து "இல்லை" என்று அழுத்திவிடுகிறார்கள். அங்கிருந்த எல்லாப் பறவையையும் பார்த்தீர்களா என்று அது கேட்கவில்லை. அடையாளம் தெரிந்ததில் எதையும் விடாமல் எழுதினீர்களா என்பதுதான் கேள்வி. காக்காய், மைனாவையும் எண்ணி எழுதியிருந்தால் தைரியமாக "ஆம்" போடுங்கள்.

3. நான் சறுக்கிய இடம்

பட்டியலை அனுப்பியதும், அதைப் பகிர ஒரு வசதி தெரியும். பகிர்வதுதானே நம் வேலை என்று சிங்கப்பூர் தோழியின் பெயரைச் சேர்த்துவிட்டேன். அவளும் என்னவோ ஏதோ என்று ஏற்றுக்கொண்டாள். மறுநாள் அவளிடமிருந்து போன்: "நான் சிராங்கூன்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்த நேரத்துல சிங்காநல்லூர்ல நீலத்தாழைக்கோழி பார்த்தேனாம்ல?"

அந்தப் பகிர்வு, உங்களோடு கூடவே நடந்து அதே பறவைகளைப் பார்த்தவர்களுக்கு மட்டும். ஏற்றுக்கொண்டால் அந்தப் பட்டியல் அவர்கள் கணக்கிலும் ஏறிவிடும். இந்தப் பறவை இந்த நாளில் இங்கே இருந்ததாக இரண்டு பேர் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடும். தவறுதலாக ஏற்றுக்கொண்டவர், தன் கணக்கிலிருந்து அந்தப் பட்டியலை நீக்கிவிட்டால் போதும். உங்களுடையது அப்படியே இருக்கும்.

தூரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டியலின் இணைப்பை மட்டும் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். அவ்வளவுதான்.

4. படமும் கடிகாரமும்

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கும். எடுத்த நேரமும் இடமும்கூடப் போய்விடும். ஹெச்டியில் அனுப்பினாலும் இதே கதைதான். அடையாளம் கேட்டு அனுப்பும் படத்தை "டாக்குமென்ட்" வழியாக அனுப்புங்கள். ஆனால் வீட்டு மொட்டைமாடியில் எடுத்த படமென்றால், உங்கள் வீட்டு இடமும் அதோடு சேர்ந்து போகும் என்பது நினைவிருக்கட்டும்.

அப்புறம் கடிகாரம். தோழி விடுமுறைக்கு வந்தபோது எங்கள் தெருவில் ஒரு கொல்லைப்புறத்தில் ஆறுமணிக்குருவியைப் படம் எடுத்தாள். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். அன்றும் சொல்லிவைத்ததுபோல் ஆறுக்குக் கூவியது. ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் எட்டரை என்று காட்டுகிறது! அவள் கேமராவின் கடிகாரம் இன்னும் சிங்கப்பூரிலேயே இருந்தது. இரண்டரை மணி நேரம் முன்னால். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், பல கேமராக்கள் மாறாது. ஊர் மாறியதும் முதல் வேலையாகக் கேமராவின் நேர மண்டலத்தை மாற்றுங்கள். மறந்துவிட்டால், ஏற்றும்போது நேரத்தைக் கையால் திருத்தலாம்.

இன்னொன்று: நண்பர் எடுத்த படத்தை உங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள். பார்த்தவர்தான் பதிய வேண்டும்.

5. சொல்லக் கூடாத இடங்கள்

திண்டுக்கல் நண்பன் ஒரு ராத்திரி தேவாங்கு பார்த்தான். அவன் மாவட்டமும் கரூரும் சேர்ந்த கடவூர்க் காட்டுப் பகுதியை 2022இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். மூடநம்பிக்கைக்காக அதைப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஆபத்திலுள்ள உயிரினங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்து, ஏறத்தாழ 22 கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் எங்கேயோ ஒரு புள்ளியாகக் காட்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் நாமே "பெரிய புளியமரத்துக்குப் பக்கத்துல" என்று எழுதிவிட்டால் எந்தச் செயலி என்ன செய்யும்? ஆந்தைப் பொந்து, கூடு, தேவாங்கு மூன்றுக்கும் எங்கள் குழுவில் ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. "பார்த்தேன்" மட்டும்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், "வலியன் என்று எழுதினேன், நண்பருக்குப் புரியவில்லை" என்றார். வலியன், கரிச்சான், இரட்டைவால் குருவி மூன்றும் ஒன்றுதான். ஊருக்கொரு பெயர். நாங்கள் ஊரில் வழங்கும் பெயரை எழுதி, பக்கத்தில் செயலியில் உள்ள பெயரையும் போடுகிறோம்.

இன்னொன்று: டாக்குமென்டாக அனுப்பியும் இடம் வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கைப்பேசிக் கேமராவின் அமைப்பில் இடத்தைச் சேமிக்கும் வசதி அணைந்திருக்கும், பாருங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு அது வராது. வரைபடத்தில் நீங்களே புள்ளி வைக்க வேண்டியதுதான்.

தேதிக் குழப்பத்துக்கு: டொராண்டோக்காரன் சனிக்கிழமை சாயங்காலம் கார்டினல் பறவை பார்த்தால் நமக்கு ஞாயிறு பிறந்திருக்கும். பார்த்தவர் ஊர்த் தேதியைத்தான் எழுத வேண்டும். பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நால்வரும் சேர்ந்து எண்ணுகிறோம். அப்போதுதான் இந்தக் குழப்பம் அதிகம். நம் ஊர்ப் பொங்கல் கணக்கெடுப்பு இங்கே மட்டும் நடப்பதால் அதில் அந்தத் தொல்லை இல்லை.