பந்தின் மேல் சுருள் கோடு: சாலிட்வொர்க்ஸில் நான் மாட்டிக்கொண்ட இடம்

போன மாதம் அக்கா மகனுக்கு சாலிட்வொர்க்ஸில் (கணினியில் முப்பரிமாணப் பொருள்களை வரையும் மென்பொருள்) ஒரு பம்பரம் வரைந்தேன். சாட்டை சுற்றும் பள்ளம் கூம்பின் மேல்தானே வருகிறது, சுருள் கோடு போடும் ஹெலிக்ஸ் கட்டளையில் டேப்பர் கோணம் (கூம்பின் சாய்வு) கொடுத்ததும் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தத் தெம்பில் அடுத்து ஒரு கதவுக் குமிழை எடுத்தேன், 50 மி.மீ. விட்டத்தில் ஒரு பந்து, அதன் மேல் கம்பி சுற்றியது போல எழும்பிய சுருள். இரண்டு இரவு தூக்கம் போயிற்று. சாலிட்வொர்க்ஸின் ஹெலிக்ஸ் உருளைக்கும் கூம்புக்கும் போகும், தட்டையான சுருளும் போடும், பந்துக்கு மட்டும் வராது.

ஸ்கெட்ச் (தட்டை வரைபடம்) போடவும் அதை அச்சைச் சுற்றிச் சுழற்றி ரிவால்வ் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஃப்ரண்ட் பிளேனில் அரைவட்டம், ஆரம் 25, மையம் ஆரிஜினில். ரிவால்வ் செய்தால் பந்து தயார்.

அடுத்து அதே பிளேனில் தனி ஸ்கெட்சில் ஒரு செங்குத்துக் கோடு. பந்துக்கு மேலே 5, கீழே 5 நீட்டி மொத்தம் 60 மி.மீ. வெளியே வந்து, இன்னொரு ஸ்கெட்சில் அந்தக் கோட்டின் கீழ்முனையிலிருந்து பக்கவாட்டில் 30 மி.மீ. கோடு ஒன்று. இரண்டையும் ஒரே ஸ்கெட்சில் போட்டால் ஸ்வீப் (ஒரு வடிவத்தை ஒரு கோட்டின் வழியே இழுத்துச்செல்லும் கட்டளை) எடுத்துக்கொள்ளாது. பக்கக் கோடு பந்தின் ஆரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பந்தின் நடுப்பகுதியில் சுருள் அறுந்துபோகும்.

இப்போது சர்ஃபேஸ் ஸ்வீப். பக்கக் கோடு புரொஃபைல் (இழுக்கப்படும் வடிவம்), செங்குத்துக் கோடு பாத் (இழுக்கும் வழி). ஆப்ஷன்ஸில் புரொஃபைல் ட்விஸ்ட் (முறுக்கு) என்று இருக்கும், அதில் ஸ்பெசிஃபை ட்விஸ்ட் வேல்யூ, ரெவல்யூஷன்ஸ், 12. (60 மி.மீ. உயரத்துக்கு 12 சுற்று, அதாவது சுற்றுக்கு 5 மி.மீ.) கலங்கரை விளக்கத்துக்குள் இருக்கும் சுழல் படிக்கட்டு மாதிரி ஒரு பரப்பு பந்தைக் குடைந்துகொண்டு நிற்கும்.

ஒரு 3டி ஸ்கெட்ச் திறந்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி படிக்கட்டுப் பரப்பையும் பந்தின் முகத்தையும் தேர்ந்தெடுத்து, டூல்ஸ், ஸ்கெட்ச் டூல்ஸ், இன்டர்செக்‌ஷன் கர்வ். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் அப்படியே கோடாகக் கிடைக்கும். படிக்கட்டை மறைத்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல் சர்க்குலர் புரொஃபைலில் 2 மி.மீ. ஸ்வீப். பள்ளம் வேண்டுமென்றால் ஸ்வெப்ட் கட். யூடியூபில் பார்க்கும் பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே முடிந்துவிடும்.

என் குமிழைப் பார்த்தால் நடுவில் கம்பிகள் நெருக்கமாக அழகாக இருக்கின்றன, மேலேயும் கீழேயும் மொட்டைத்தலை. ட்விஸ்டைக் கூட்டினேன், குறைத்தேன், பந்தை அழித்து மறுபடி போட்டேன், அதே மொட்டை. கடைசியில் காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. படிக்கட்டு ஏறுவது சம உயரத்தில், நமக்கு வேண்டியதோ பரப்பின் மேல் சம இடைவெளி. பந்தின் நடுவில் சுவர் செங்குத்தாக இருப்பதால் 5 மி.மீ. ஏறினால் பரப்பில் ஏறக்குறைய அதே 5 மி.மீ.தான். உச்சியில் பரப்பு படுத்துக் கிடக்கிறது, அங்கே 5 மி.மீ. இறங்குவதற்குள் பரப்பின் மேல் 16 மி.மீ. ஓடிவிடுகிறது. மூன்று மடங்கு! (வேடிக்கை என்னவென்றால் அந்த 5 மி.மீ. பட்டைகள் ஒவ்வொன்றின் பரப்பளவும் சமம், ஆர்க்கிமிடீஸ் அன்றைக்கே கண்டுபிடித்தது. குமிழுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.)

ஆகவே பந்துக்குப் படிக்கட்டை விட்டுவிடுங்கள். 3டி ஸ்கெட்சில் ஈக்வேஷன் டிரிவன் கர்வ் என்ற கருவி இருக்கிறது. மூன்று பெட்டிகளில் இப்படி, ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்:

எக்ஸ்: 25 * சைன்(டி) * காஸ்(20 * டி)
ஒய்: 25 * காஸ்(டி)
இஸட்: 25 * சைன்(டி) * சைன்(20 * டி)

டி என்பது உச்சியிலிருந்து இறங்கும் கோணம். 20 என்பது சுற்றுகளின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கு, எனக்கு 10 சுற்று. இப்போது எங்கே அளந்தாலும் சுற்றுக்குச் சுற்று சுமார் 7.85 மி.மீ.

டி எங்கே தொடங்கி எங்கே முடிவது? 0 முதல் 3.1416 வரை என்றுதான் யாருக்கும் தோன்றும், நானும் அதைத்தான் போட்டேன். கோடு வந்துவிட்டது, ஸ்வீப் மட்டும் பிழை காட்டி அடம்பிடித்தது. உச்சிப் புள்ளியில் அந்தக் கோட்டின் வளைவு ஆரம் வெறும் 0.625 மி.மீ., நான் ஓட்டப் பார்த்த கம்பியின் ஆரமோ 1 மி.மீ. தன் மேலேயே மடங்கிக்கொள்ளும் கம்பியை மென்பொருள் எப்படி வரையும்? 0.15-இல் தொடங்கி 2.99-இல் முடித்தேன், அங்கே வளைவு ஆரம் 3.5 மி.மீ.க்கு மேல், ஸ்வீப் மறுபேச்சில்லாமல் வந்தது. உச்சியில் மிஞ்சும் வெற்றிடத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட்டேன், பார்ப்பவர்கள் அதுதான் டிசைன் என்று நினைக்கிறார்கள்.

படிக்கட்டு முறை வீண் இல்லை. சுவர் செங்குத்தாக நிற்கும் பூச்சாடிக்கும் பாட்டிலுக்கும் அதுதான் சுலபம். தோள்பட்டை படுத்திருக்கும் குடம் போன்ற வடிவத்துக்கு என்னைக் கேட்டால் ரைனோ என்ற இன்னொரு வரைதல் மென்பொருள்தான். கிரியேட்‌யூவி‌கர்வ் கொடுத்துப் பரப்பைச் செவ்வகமாக விரித்து, அதில் சாய்கோடு போட்டு, அப்ளை‌கர்வ் கொடுத்தால் திரும்பப் பரப்பின் மேல் ஒட்டிவிடும். சாலிட்வொர்க்ஸில் அதற்கு ஈடாக எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

பிற்சேர்க்கை: ஒரே சுருள் கேட்டால் இரண்டு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பக்கக் கோடு அச்சைத் தாண்டி மறுபக்கமும் நீண்டிருக்கிறது, ஒரு பக்கத்தை வெட்டிவிடுங்கள். உள்ளே குடைந்த சாடியிலும் இரண்டு கோடு வரும், அங்கே முழு பாடியைத் தேர்ந்தெடுக்காமல் வெளிமுகத்தை மட்டும் தொடுங்கள்.

இன்னொருவருக்கு நூல்கண்டு சிக்கலானது போல ஒரு உருண்டை வந்திருக்கிறது. டி முடியும் பெட்டியில் 180 என்று போட்டிருக்கிறார். அந்தப் பெட்டிக்கு டிகிரி தெரியாது, ரேடியன்தான்.

முட்டை வடிவம் கேட்டவருக்கு: ஒய் வரியில் மட்டும் 25-ஐ 35 ஆக்குங்கள், பந்துக்குப் பதில் அதே அளவில் அரை நீள்வட்டத்தை ரிவால்வ் செய்யுங்கள். கோடு பரப்பிலேயே உட்காரும், இடைவெளி மட்டும் நடுவில் கொஞ்சம் கூடும்.