கேம்கார்டர் டேப்பை டிவிடி ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்காவின் கல்யாணம் மயிலாப்பூரில் நடந்தது. மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் டேப்பில் எடுத்தோம், ஒரு மணி நேர டேப் மொத்தம் மூன்று. மாற்றிக் கொடுத்த கடைக்காரர் மூன்றையும் ஒரே டிவிடியில் அடைத்துவிட்டார். போட்டுப் பார்த்தால் ஹோமப் புகை எழும் இடமெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. "பொண்ணு முகமே தெரியலையே" என்றார் அம்மா. அதே டேப்பை கேமராவில் ஓட்டினால் பளிச்சென்று இருக்கிறது!

முதல் தவறு இந்தத் திணிப்புதான். மினிடிவி டேப்பில் வீடியோ மட்டும் நொடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. மூன்று மணி நேரத்தை அதில் அடைத்தால் ஒலியையும் சேர்த்து நொடிக்கு 3.5 மெகாபிட்தான் தேறும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் காட்ட அது போதும். புகை, அட்சதை, சீரியல் விளக்கின் மினுக்கல் எல்லாம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுபவை. அங்கேதான் பிட்ரேட், அதாவது நொடிக்குக் கிடைக்கும் தரவின் அளவு, போதாமல் படம் உடைகிறது. ஒரு டேப்புக்கு ஒரு டிவிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மெகாபிட்டில் வீடியோ 3.6 ஜிபிக்குள் அடங்கும். இரண்டு மணி நேரம் போட்டே ஆகவேண்டுமா? சரி, பிட்ரேட்டை 'வேரியபிள், டூ பாஸ்' என்று வையுங்கள். மென்பொருள் படத்தை இரண்டு முறை அலசி, தேவைக்கேற்ப பிட்டைப் பங்கிடும். நேரம் பிடிக்கும், ஆனால் புகைக்கு வேண்டிய பிட் புகைக்குக் கிடைக்கும். ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் (PCM) வடிவில் விட்டால் அதுவே நொடிக்கு 1.5 மெகாபிட்டைத் தின்றுவிடும். சுருக்கிய ஒலியான டால்பி டிஜிட்டல் போதும்.

அடுத்தது கேபிள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி கேபிளில் எடுத்தால், டிஜிட்டல் படம் அனலாக் ஆகி மறுபடி டிஜிட்டல் ஆகிறது. நிறம் கசியும், ஓரம் மங்கும். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிளில் எடுத்தால் டேப்பில் இருப்பது அப்படியே கணினிக்கு வரும். சில கேமராக்களில் அந்தத் துளையின் பெயர் ஐ.லிங்க். இப்போதைய லேப்டாப்களில் இது இல்லை. பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு செருகுவதே வழி. சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

படம் தெளிவாக இருந்தும் அசைவு மட்டும் உதறுகிறதா? தாலி கட்டும் கை முன்னும் பின்னும் துடிக்கிற மாதிரித் தெரிந்தால் பிட்ரேட்டைக் குறை சொல்லாதீர்கள், ஃபீல்டு வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரிந்து, அப்பர், லோயர் என்ற இரண்டு ஃபீல்டுகளாகப் பதிவாகிறது. மினிடிவியில் லோயர் ஃபீல்டு முதலில் வரும். மென்பொருளில் 'அப்பர்' என்று இருந்தால் 'லோயர்' என்று மாற்றுங்கள். அப்படியே நம் நாட்டு டிவி முறையான பால் (PAL), 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்றிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) என்றிருந்தால் 480 வரிகளாகச் சுருங்கிவிடும்.

ஹெச்டி கேம்கார்டர் என்றால் டிவிடி வேண்டாம். 1080 வரிகள் 576 ஆகிவிடும். ப்ளூ-ரேயில் 25 ஜிபி இடம் இருக்கிறது.

அப்புறம், நம் ஊர் ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கேமராவில் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் டேப்பிலும் ஒட்டும். முதலில் அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

டிவிடி வந்துவிட்டதே என்று டேப்பைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். கணினியில் எடுத்த 13 ஜிபி கோப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள். அம்மா அந்த மூன்று டேப்பையும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அதனால்தான் எங்களால் மறுபடி எடுக்க முடிந்தது.