ஆதார் கைரேகைக்குப் பூட்டு போடுவது எப்படி?

பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிவிடலாம், கட்டைவிரலை என்ன செய்வது? 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்துக்குள் புகுந்த ஹேக்கர்கள் சுமார் 56 லட்சம் பேரின் கைரேகைகளை அள்ளிக்கொண்டு போனது வெளியே வந்தது. அதற்காக யாருக்கும் புது விரல் முளைக்கவில்லை.

ஆதாரில் நம்முடைய பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, முகப்படம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆனால் திருடனுக்கு அந்தத் தரவுத்தளத்தை உடைக்கும் வேலையே இல்லை. பத்திரப் பதிவில் நாம் வைத்த பெருவிரல் ரேகையை நகலிலிருந்து எடுத்து, சிலிகோனில் வார்த்து, ஏஇபிஎஸ் என்கிற ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் வந்திருக்கின்றன. அதில் பணம் எடுக்க ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை, இந்த மூன்று போதும். ஓடிபியும் கிடையாது, பின் நம்பரும் கிடையாது. இப்படி யாரும் ரேகையை வைத்துச் சரிபார்க்க முடியாதபடி தடுக்க ஆதாரிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டை ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் போட்டே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சரி, நாமே போட்டுக்கொள்வோம்.

முதலில், ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் மற்றது, ஏனென்றால் ஓடிபி அதற்குத்தான் வரும்.

அடுத்து ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளம். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தட்டிவிடாதீர்கள், முகவரி கவ் டாட் இன் என்று முடிய வேண்டும். ஆதார் எண், கேப்சா, ஓடிபி கொடுத்து உள்ளே போனால் ‘லாக்/அன்லாக் பயோமெட்ரிக்ஸ்’ என்று ஒன்று இருக்கும், ரேகை, கருவிழி, முகம் போன்ற உடல் அடையாளங்களைத்தான் பயோமெட்ரிக்ஸ் என்கிறார்கள். பக்கத்திலேயே ‘லாக்/அன்லாக் ஆதார்’ என்று இன்னொன்றும் இருக்கும், குழம்பிவிடாதீர்கள். அது எண்ணையே பூட்டுவது. அதற்கு முன்பே விஐடி என்கிற, ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க மாற்று எண்ணை எடுத்து வைத்திருக்க வேண்டும், பிறகு அந்த விஐடியை வைத்துத்தான் எதுவும் நடக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு முதலாவது போதும். விதிமுறைகளுக்கு டிக் அடித்துப் பூட்டிவிடுங்கள். வேலை முடிந்தது. ரேகை, கருவிழி, முகம் மூன்றும் பூட்டப்பட்டுவிடும், ஓடிபி வழிச் சரிபார்ப்பு மட்டும் வழக்கம்போல நடக்கும்.

இனி யாராவது உங்கள் ரேகையை வைத்தால் 330 என்ற பிழை எண்தான் வரும்.

நீங்களே வைத்தாலும் அதேதான்! அம்மாவின் ரேகையைப் பூட்டியதை மறந்துவிட்டு அவரை ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டேன், நாலு தடவை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லித் திரும்பி வந்தார். ரேஷன், ஓய்வூதிய உயிர்வாழ் சான்று போன்றவற்றுக்குப் போகும்போது அதே பக்கத்தில் தற்காலிகமாகத் திறக்கலாம். 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும், அதனால் வீட்டிலேயே திறந்துவிட்டுக் கிளம்பாதீர்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்கும்போது திறந்தால் சரியாக இருக்கும்.

இன்னொன்று, இந்தப் பூட்டு தரவுத்தளத்துக்கு இல்லை. அங்கே இருக்கும் தகவல் அங்கேயேதான் இருக்கும், அதற்கு நம் கையில் சாவி கிடையாது. உங்கள் எண் ஊர் சுற்றாமல் இருக்க, யாராவது நகல் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதாரைக் கொடுங்கள், டவுன்லோடு செய்யும்போதே அதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது.

அப்புறம், அதே தளத்தில் ‘ஆத்தென்டிகேஷன் ஹிஸ்டரி’ என்பதைத் திறந்தால் கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று தேதி, நேரத்தோடு வரும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ‘பயோமெட்ரிக்’ என்று ஒரு வரி இருந்தால் உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள். தவறு உங்கள் மேல் இல்லாத மோசடியை வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. போனில் சொன்னதோடு விடாமல் புகார் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.