புகைந்த அடுப்பைச் சரிசெய்த கதை

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டு விறகு அடுப்பு ஒரே புகை. ஊதி ஊதி நெஞ்சு எரிந்ததுதான் மிச்சம். ஒருநாள் அவசரத்தில் கங்கின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினேன். குப்பென்று எழுந்த தீயில் முன்கை முடி கருகிவிட்டது. அதன்பிறகு மண்ணெண்ணெயைத் தொடுவதே இல்லை.

கோளாறு இரண்டு. அடுப்புக்குள் நாலு விரல் உயரத்துக்குச் சாம்பல். காற்று நுழைய வழியில்லை. அப்புறம் ஈர விறகு: வெட்டுமுனையில் நுரை கொப்பளித்துச் சீறும். சாம்பலை வாரி இரும்புச் சட்டியில் கொட்டினேன் (நேற்றைய சாம்பலில்கூடக் கங்கு ஒளிந்திருக்கும்). சவுக்கு விறகைப் பிளந்து, தாழ்வாரத்தில் அடுக்கி மாதக்கணக்கில் காயவைத்தேன். இப்போது பன்னாடையில் (தென்னை மட்டையின் அடியில் இருக்கும் வலை போன்ற நார்) பற்றவைத்து, சுள்ளி பிடித்ததும் இரண்டே கட்டை, நடுவில் இடைவெளி விட்டு. எரிய எரிய உள்ளே தள்ளுகிறேன். சன்னலை மட்டும் மூடுவதில்லை. புகையில்லாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும்.