மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு: ஸ்கேனில் உட்சவ்வை அளக்கும் முறை

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் உள்ளாடையில் ஒரு சொட்டுக் கறை பட்டாலும் பரிசோதித்தே ஆகவேண்டும். பெரும்பாலும் கருப்பையின் உட்புறச் சவ்வு (உட்சவ்வு) மெலிந்து வறண்டுபோவதுதான் காரணம். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் பல நேரங்களில் இதுவே. கருப்பைவாயிலிருந்தோ சிறுநீர்ப்பாதையிலிருந்தோகூட ரத்தம் வரலாம். எனவே பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்க்காமல் ஸ்கேனோடு நிறுத்திவிடாதீர்கள்.

பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் டி.வி.எஸ். (டிரான்ஸ்வஜைனல்) அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் இதற்குச் சரி. நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா, டமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய் மருந்து) அல்லது ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். உள்ளே செலுத்தும் ஸ்கேன் கருவியான புரோப்பின் உறைக்குள்ளும் வெளியிலும் ஜெல் தடவுங்கள். உள்ளே காற்றுக்குமிழி நின்றால் படம் மங்கும். இந்த வயதில் வறட்சியால் வலிக்கும், அவசரமே கூடாது.

கருப்பையை நீளவாக்கில் கொண்டுவந்து, உட்சவ்வு கருப்பைவாய்க் கால்வாயோடு தொடர்வதை உறுதிசெய்யுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை மெல்ல ஓட்டிப் பார்த்து, மிகத் தடிமனான இடத்தில் படத்தைப் பெரிதாக்கி நிறுத்துங்கள். திரையில் அளக்கும் குறியான காலிப்பரைச் சவ்வுக்குச் செங்குத்தாக, சவ்வாகத் தெரியும் வெள்ளைப் பட்டையின் ஒரு வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்புக்கு வையுங்கள். அதை ஒட்டிய கருநிற வளையம் கருப்பைத் தசை, சேர்க்கக் கூடாது. உள்ளே நீர் தேங்கியிருந்தால் சவ்வின் முன், பின் அடுக்குகள் இரண்டையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள்: 1.4 மி.மீ., 1.3 மி.மீ. என்றால் 2.7. நீரையும் சேர்த்து அளந்தால் மெல்லிய சவ்வுகூடத் தடித்ததாகத் தெரியும். சாய்வாக விழுந்த வெட்டும் அப்படித்தான் ஏமாற்றும்.

4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. அதைத் தாண்டினால் பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது) தேவை. ஓரிடம் மட்டும் தடித்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் ஒற்றை ரத்தக்குழாய் உள்ளே போவது தெரிந்தால் பாலிப்பாக (சவ்விலிருந்து வளரும் சதைமொட்டு) இருக்கலாம். கருப்பைக்குள் 5 முதல் 10 மில்லி சலைன் (உப்புநீர்) செலுத்திப் பார்த்தால் தெளிவாகும். டமாக்சிஃபென் எடுப்பவர்களிடம் சவ்வுக்கு அடியில் நீர்ப்பைகள் தோன்றித் தடிமனாகக் காட்டும். அவர்களுக்கு ரத்தம் பட்டால் இந்த 4 மி.மீ. எண்ணை நம்பாமல் பயாப்ஸிக்கு அனுப்புங்கள்.

ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி) மறைப்பதாலோ கருப்பை திரும்பியிருப்பதாலோ சவ்வு முழுதும் தெரியவில்லையா? தெரிந்த துண்டை அளந்து 'நார்மல்' என்று எழுதுவது பெரிய ஆபத்து. 'முழுமையாகத் தெரியவில்லை' என்றே ரிப்போர்ட்டில் எழுதி, கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டராஸ்கோபிக்கு அனுப்புங்கள். சூலகங்களையும் விடாமல் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் கட்டி அங்கிருந்தே சவ்வைத் தடிக்க வைக்கும்.

4 மி.மீ.க்குக் கீழே இருந்தும் ரத்தம் மறுபடி வந்தால், பழைய ரிப்போர்ட்டைக் காட்டித் தேற்றி அனுப்பாமல் பயாப்ஸி எடுங்கள். மெல்லிய சவ்விலேயே வளரும் புற்றுநோய் வகைகளும் உண்டு.