உப்புத் தண்ணிக் குழாயில் மாட்டாதீர்கள்: பாத்திரம் கழுவும் மெஷினை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆற்றுத் தண்ணி குடிக்க, சமைக்க. போர்த் தண்ணி மற்ற எல்லாவற்றுக்கும்.

அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமானபோது மேடைமேல் வைக்கிற சின்ன மெஷின் ஒன்று வாங்கினோம். மாட்ட வந்தவர் இரண்டு குழாயையும் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, உப்புத் தண்ணிலயே மாட்டிரட்டுங்களா? அதுலதான் வேகமா வருதுங்க" என்றிருக்கிறார். அம்மாவும் சரி என்றுவிட்டார். மூன்றே வாரத்தில் கண்ணாடி டம்ளரெல்லாம் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்ததுபோல வெளுத்தது. வட்டலில் விரல் வைத்தால் சொரசொரப்பு. அம்மா மறுபடியும் குந்தி உட்கார்ந்து போசி விளக்கத் தொடங்கிவிட்டார். மெஷினில் ஒரு குறையும் இல்லை, மாட்டிய குழாய்தான் தவறு.

நம் பக்கம் பூமிக்கடியில் கருங்கல் பாறை. போர் ஆழமாகப் போகப் போக, பாறையிடுக்கில் நெடுநாள் கிடந்த தண்ணீர் கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. பச்சைத் தண்ணீராக இருக்கும்வரை அவை கரைந்தே இருக்கும். சூடானதும் பிரிந்து ஒட்டும். கெய்சர் காயிலில் உப்புப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பாத்திர மெஷின் ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொதிக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோகாவிட்டாலும் 50, 60 டிகிரிக்குச் சூடாக்குகிறது. அதனால் ஹீட்டரிலும், தண்ணீர் பீய்ச்சும் கையின் சின்னத் துளைகளிலும், பாத்திரத்தின் மேலும் படிவு ஏறும்.

இங்கே பலர் ஏமாறுவது டிடிஎஸ் மீட்டரில். ஆர்ஓ மாட்ட வருபவர் காட்டும் அந்த எண், தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது. நமக்குத் தேவை கடினத்தன்மை, அதாவது அதில் கால்சியம், மெக்னீசியம் உப்பு எவ்வளவு என்பது மட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். சோதிக்கும் பட்டைகளும் சொட்டு மருந்துப் பெட்டிகளும் கடையில் கிடைக்கின்றன. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டியும் பார்த்துக்கொள்ளலாம். மெஷின் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஏனென்றால் பெரிய மெஷின்களில் பெரும்பாலும் இருக்கிற உப்பு அறை, மேடைமேல் வைக்கும் சில வகைகளில் இருக்காது. அந்த அறைதான் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் பிசினை (கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளை) புதுப்பிப்பது. அறை இல்லாத மெஷினைப் போர்த் தண்ணீரில் மாட்டவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

அறை இருந்தால் இன்னும் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். கல்லுப்பையோ தூள் உப்பையோ கொட்டுவது ஒன்று. தூள் உப்பு கட்டி தட்டி அறையை அடைக்கும். அதில் சேர்த்திருக்கும் மற்ற பொருட்களும் பிசினுக்கு ஆகாது. கல்லுப்பில் அழுக்கும் மண்ணும் உண்டு. மெஷினுக்கென்று விற்கும் சுத்தமான உப்பை மட்டும் போடுங்கள். இன்னொன்று, உப்பு போட்டுவிட்டு அளவுக் குமிழை அப்படியே விட்டுவிடுவது. உங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப அதைத் திருப்பி வைத்தால்தான் வேலை நடக்கும்.

சிறுவாணித் தண்ணி வரும் வீட்டுக்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அது மென்மையான தண்ணீர். குமிழைக் குறைந்த அளவில் வையுங்கள், சோப்பையும் குறைத்துப் போடுங்கள். மிக மென்மையான தண்ணீரில் சோப்பு கூடினால் கண்ணாடியே அரித்துப் புகைபடிந்ததுபோல ஆகிவிடும். டம்ளர் வெளுத்திருந்தால் எலுமிச்சம்பழத்தால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் உப்புப் படிவு. போகாவிட்டால் அரிப்பு, அதற்கு மருந்தில்லை.

சரி, நல்ல தண்ணியில் மாட்டலாம் என்றால் அதற்கும் ஒரு சிக்கல். அந்தத் தண்ணி பல ஊர்களில் தினமும் வருவதில்லை. தெருக்குழாயிலிருந்து நேராக வரும் லைனில் மாட்டினால், தண்ணி விடாத நாளில் மெஷின் வெறுமனே காத்திருந்து பிழை காட்டி நின்றுவிடும். தண்ணி வரும் நாளிலோ முதலில் காற்றும் செம்மண்ணும்தான் வரும். ஹோஸின் வாயில் இருக்கும் சல்லடை அடைத்துக்கொள்ளும். நாங்கள் செய்தது, மொட்டை மாடியில் நல்ல தண்ணிக்கென்று தனியாக 200 லிட்டர் டேங்க் ஒன்று வைத்து, தொட்டியிலிருந்து அதற்கு ஏற்றியது. மேடைமேல் வகை மெஷின் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர்தான் குடிக்கும். அதனால் சின்ன டேங்க்கே தாராளம்.

டேங்க்கின் உயரத்தையும் கணக்குப் போட வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, ஏறத்தாழ ஒரு பார்). டேங்க் குழாயைவிட 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 கிலோ. பல மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 கேட்கும், உங்களுடையது எவ்வளவு கேட்கிறது என்று புத்தகத்தில் பாருங்கள். மாடிவீட்டின் மேல்தளத்தில் சமையலறை இருந்தால் பெரும்பாலும் போதாது. அப்போது டேங்க்கை ஸ்டாண்ட் போட்டு உயர்த்த வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லையென்றால், கையால் சொம்பில் ஊற்றி நிரப்பும் தொட்டி உள்ளேயே இருக்கிற மெஷினாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இனி குழாயில் மாட்டும் இடம். சிங்க்குக்கு மேல் வளைந்து நிற்கும் குழாயின் மூக்கில், ரப்பர் வாய் வைத்த கனெக்டரைச் செருகி கிளிப் போட்டு முறுக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். அரைத் தானியங்கி வாஷிங் மெஷினில் அப்படிச் செய்து பழகிவிட்டோம். அதில் ஹோஸின் மறுமுனை திறந்தே இருக்கும், அழுத்தம் சேராது. பாத்திர மெஷினில் அப்படியில்லை. உள்ளே இருக்கும் மின் வால்வு ஒரே ஓட்டத்தில் பல தடவை திறந்து, சடாரென்று மூடும். மூடும் ஒவ்வொரு முறையும் ஓடிவந்த தண்ணீர் இடித்து நிற்கும். அந்த இடியைச் செருகிய ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? கழன்றால் டேங்க் காலியாகும்வரை சமையலறையில் தண்ணீர் ஓடும். வளைந்து திரும்பும் குழாயும் எந்நேரமும் அழுத்தத்தில் நிற்கச் செய்ததல்ல. அடியில் இருக்கும் வளையம் கசியத் தொடங்கும்.

சரியான இடம், சிங்க்குக்குக் கீழே அந்தக் குழாய்க்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு, அதாவது ஆங்கிள் காக். அதைக் கழற்றி இருவழி ஆங்கிள் காக் போட்டால், ஒன்று குழாய்க்கு, ஒன்று மெஷினுக்கு. நம் வீட்டு லைன் அரை இஞ்ச், மெஷின் ஹோஸின் நட்டு பெரும்பாலும் முக்கால் இஞ்ச் என்பதால் வாஷிங் மெஷின் வாய் உள்ள காக்காகக் கேட்டு வாங்குங்கள். சுவருக்குள் போகும் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றுங்கள். ஹோஸ் நட்டுக்கு வேண்டாம். அதில் கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று போதும். பைப் ரெஞ்ச் போட்டால் பிளாஸ்டிக் நட்டு வெடிக்கும். வேலை முடிந்ததும் அந்தக் காக்கை மூடிவிடும் பழக்கம் வேண்டும்.

மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறதே, கரண்ட் மிச்சமாகுமே என்று சுடுதண்ணி லைனில் கொடுக்காதீர்கள். பல மெஷின்களுக்கு உள்ளே வரும் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது; வெயில் காலத்துச் சோலார் தண்ணி அதைத் தாண்டிவிடும். புத்தகம் அனுமதித்தால் மட்டும் யோசிக்கலாம்.

கழிவு ஹோஸை மேடையிலிருந்து தரைச் சாக்கடைக்கு நேராக இறக்கினால், உள்ளே நிரம்பும் தண்ணீரை அது தானாக உறிஞ்சி வெளியேற்றிவிடலாம். சிங்க்கின் விளிம்பில் கொக்கியால் மாட்டி, புத்தகம் சொன்ன உயரத்தில் வளைவு வைத்து, முனை தண்ணீரில் முங்காமல் விடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கும், நீட்டிப்பு வயரும் ஆகாது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக், அதுவும் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் பாத்திரம் வைக்காமல் ஒரு தடவை ஓடவிடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே காய்ந்த தினத்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காக்கைத் திறந்தபடி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அந்தத் தாள் காட்டிவிடும். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை மாட்டியபோது ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம் நனைந்திருந்தது. வாஷரை மாற்றினோம், அடுத்த நாள் தாள் காய்ந்தே இருந்தது.